கதைப் புத்தகத்தை வச்சு ஆர்ட் கிளாஸ்: கலரிங் ஷீட் தவிர என்ன பண்ணலாம்?

கேள்வி:
வணக்கம். மூணாவது, நாலாவது பசங்களுக்கு ஆர்ட் எடுக்குறேன். இந்த டேர்ம்ல ஒரு கதை படிச்சிட்டு அதோட வேற நாட்டு கலை ஒண்ணையும் சேர்த்து கையால செய்ய வைக்கணும்னு ஆசை. நெட்ல தேடினா பிரின்ட் எடுத்து கலர் அடிக்கிறதுதான் வருது, இல்லன்னா பேப்பர் தட்டுல முகமூடி செஞ்சு "இது ஆப்பிரிக்கா"ன்னு முடிச்சிடறாங்க. அங்க அம்பதுக்கு மேல நாடு இருக்கு, இது யாரோடது, எதுக்கு செய்றாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. எல்லா பசங்க வேலையும் ஒரே அச்சுல சுவத்துல தொங்குறத பாக்க எனக்கு மனசு வரல. நீங்க செஞ்சு நல்லா வந்தது இருந்தா சொல்லுங்க.

பதில் 1:
படத்தைப் பாத்து வரைய சொல்லாதீங்க, அந்தப் படம் எப்படி உருவாச்சோ அந்த முறைய மட்டும் எடுத்துக்கோங்க. எரிக் கார்ல் 1969ல போட்ட பசிக்கிற கம்பளிப்புழு கதை தெரியும்ல, அவர் நேரா படம் வரையல, டிஷ்யூ பேப்பர்ல முதல்ல பெயின்ட் அடிச்சு காய வச்சு அப்புறம் வெட்டி ஒட்டினாரு. நான் முதல் கிளாஸ்ல என்ன செய்யப்போறோம்னே சொல்ல மாட்டேன், பழைய சீப்பு, ஸ்பான்ஞ், டூத் பிரஷ் குடுத்து பேப்பர் பூரா கோடும் புள்ளியுமா அடிக்க விடுவேன். காஞ்சதும் கலர் வாரியா பிரிச்சு எல்லாருக்கும் பொதுவா வச்சிடுவேன். அடுத்த கிளாஸ்ல கதை படிச்சிட்டு அவங்கவங்க ஒரு பிராணிய வெட்டணும். சீப்பு கோடு ஒருத்தருக்கு முள்ளம்பன்றி முதுகாகும், இன்னொருத்தருக்கு ஆறாகும். டிஷ்யூ பேப்பர் ஈரத்துல கிழியும், சின்ன பசங்களுக்கு சாதா வெள்ளை பேப்பரே போதும்.

பதில் 2:
மேல சொன்னது ரொம்ப சரிங்க. கானா நாட்டுல அசாந்தி மக்களோட அடிங்க்ரா அச்சையும் பாருங்க. சுரைக்குடுக்கை ஓட்டுல குறி செதுக்கி, மரப்பட்டைய காய்ச்சி எடுத்த கருப்பு சாயத்துல தோச்சு துணில குத்துவாங்க, அந்த துணிய முக்கியமா துக்கத்துக்கு உடுத்துவாங்க. ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் உண்டு, திரும்பிப் பாக்குற பறவை சங்கோஃபா, விட்டுட்டு வந்தத திரும்பப் போய் எடுத்துக்கிறது தப்பில்லன்னு சொல்றது. இதையெல்லாம் பசங்ககிட்ட சொன்னாலே கிளாஸ் அமைதியாயிடும். அப்புறம் படிச்ச கதைல ஒரு ஆள எடுத்து அவரோட குணத்துக்கு ஒரு குறிய அவங்களே உருவாக்கணும். ஃபோம் ஷீட்ல வெட்டி அட்டைல ஒட்டினா அச்சு ரெடி, கத்தியே தேவைப்படாது. இங்க் மட்டும் ஸ்பான்ஞ்சால லேசா தடவுங்க, பிரஷ்ல அடிச்சா ஓரமெல்லாம் வழிஞ்சிடும்.

பதில் 3:
ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க. ஆஸ்திரேலிய பழங்குடிங்களோட புள்ளி ஓவியம் எல்லா ஸ்கூல்லயும் செய்றாங்க, ஆனா அதுல பல கதைகளும் குறிகளும் குறிப்பிட்ட குடும்பத்துக்கோ குலத்துக்கோ சொந்தம், அங்கயே வேற ஆளு அனுமதி இல்லாம வரையக்கூடாது. அதை பசங்களோட உக்காந்து பாருங்க, பேசுங்க, காப்பி அடிக்க வைக்க வேணாம். கைவேலைக்கு பனாமால குனா பெண்கள் செய்ற மோலா எடுத்துக்கலாம். ரவிக்கைல முன்னாடியும் பின்னாடியும் வைக்கிற துண்டு அது, ரெண்டு மூணு கலர் துணிய அடுக்கி மேல்துணிய வெட்டி அடில இருக்க கலர் தெரியற மாதிரி ஓரம் மடிச்சு தைப்பாங்க. கலர் பேப்பர்லயும் வரும். டிசைன் அவங்களோடதா இல்லாம பசங்களே கதைலேர்ந்து எடுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, மோலா மனசுல நின்னுடுச்சு. ஆனா நடுவுல ஓட்டை வெட்டுறது மூணாவது பசங்களுக்கு வருமா? கத்தரிய எங்க நுழைக்கிறது?

பதில் 3:
வெட்ட வேண்டிய இடத்துல பேப்பர லேசா மடிச்சு, மடிப்புல ஒரு சின்ன வெட்டு போட்டு விரிச்சா கத்தரி நுழைய வழி கிடைச்சிடும். உருவம் பெருசா, உள்ளங்கை அளவுக்கு இருக்கணும், கால் வால் எல்லாம் தடியா வரைய சொல்லுங்க. எல்லாத்தையும் வெட்டி முடிச்ச அப்புறம்தான் பசை, முன்னாடியே ஒட்டிட்டா அடி பேப்பரும் சேந்து வெட்டுப்பட்டுடும். வெளிய வந்த துண்ட தூக்கிப் போடாதீங்க, அதை இன்னும் சின்னதா வெட்டி ஓட்டைக்கு நடுவுலயே ஒட்டினா சுத்தி அடி பேப்பர் கலர் ஒரு கோடா தெரியும்.