உவர்மலையில் இரண்டு இரவுகள்

சொந்த ஊரில் விடுதி எடுத்துத் தங்குவது எங்கள் குடும்பத்தில் எவரும் செய்யாத காரியம். ஆனால் உட்துறைமுக வீதியில் இருந்த வீட்டை விற்றுப் பல ஆண்டுகளாகிவிட்டன. சென்ற ஆவணியில் ஓர் உறவினரின் திருமணத்துக்காகக் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்து இறங்கியபோது, சித்தி வீட்டில் பாய் விரிக்கவும் இடமில்லாதபடி விருந்தினர் நிறைந்திருந்ததால், உவர்மலைச் சரிவிலுள்ள ஒரு சிறு விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினேன்.

ஆறே அறைகள். ஆங்கிலேயர் காலத்து வீட்டைத் திருத்தி எடுத்ததாகச் சொன்னார்கள். தடித்த சுவர்களையும் உயர்ந்த ஓட்டுக் கூரையையும் சிவப்புச் சீமெந்துத் தரையையும் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருந்தது. கூடத்துச் சுவர் முழுக்கப் பாய்க்கப்பல்களும் பழைய துறைமுக வரைபடங்களும் சட்டமிட்டுத் தொங்கின. வரவேற்பில் இருந்த இளைஞர் வருபவர்களுக்கெல்லாம் ஊர்ச் சரித்திரத்தை ஒப்புவித்தார்: 1624இல் பறங்கியர் (போர்த்துக்கேயர்) கோட்டை கட்டினார்கள், 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்தார்கள், 1782இல் தை மாதத்தில் ஆங்கிலேயரும் அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தார்கள், 1795இல் மறுபடியும் வந்த ஆங்கிலேயரின் கடற்படை 1957இல்தான் தளத்தைக் கையளித்தது. ஆண்டுகளில் பிழையில்லை. கோணேசர் கோயிலை இடித்த கற்கள்தாம் அந்தக் கோட்டைக்குள் போயின என்பதையும், கோட்டை வாசலில் இன்றும் கயல்மீன் சின்னத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் காணலாம் என்பதையும் மட்டும் விட்டுவிட்டார். “அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ தம்பி” என்றேன். தலையாட்டினார், மறுநாள் வந்தவர்களுக்கும் பழையபடியே சொன்னார்.

துறைமுகம் தெரியும் அறை என்று பணம் கட்டியிருந்தேன். கிடைத்ததோ தண்ணீர்த் தாங்கி தெரியும் அறை. முறையிட்டபோது ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்ற பதில்தான் வந்தது. சமையல் பொறுப்பில் இருந்த அக்காதான் இரக்கப்பட்டார். “அந்த யன்னலாலை என்னத்தைப் பாக்கப் போறீங்கள்? கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வாங்கோ, தேத்தண்ணி தாறன்.”

விறாந்தையில் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்களது மகளுக்குப் பத்து வயதிருக்கும். “கதிரைன்னா என்ன அங்கிள்?” என்று கேட்டாள். நாற்காலி என்றதும் சிரிப்பு. குசினி என்றால் அடுப்படி என்றதும் இன்னும் பெரிய சிரிப்பு. நான் தமிழ் கற்பிப்பவன், சும்மா இருக்க முடியுமா? கதிரை, குசினி, விறாந்தை, அலுமாரி, பாண் எல்லாம் பறங்கியர் விட்டுச் சென்ற சொற்கள் என்றேன்; அவள் ஊரில் சொல்லும் சாவியும் ஜன்னலும் அவர்களுடையவையே என்றதும் சிரிப்பு நின்றது. விடுதியின் குறிப்புத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினாள். ஒல்லாந்தருக்குத் தனிப் பத்தி போட்டோம்: அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர், மேசையின் இழுப்பறையான லாச்சி, கறிக்கு வாங்கும் பீன்ஸான போஞ்சி. போஞ்சியைத்தான் அக்காவால் ஏற்க முடியவில்லை. “நுவரெலியாவிலயிருந்து லொறியில வாற சாமானுக்கு ஒல்லாந்தன் எங்கால வந்தவன்?” என்று கையிலிருந்த போஞ்சிக்காயை முறித்து நார் உரித்தபடியே கேட்டார். காய் மலைநாட்டில் விளைகிறது, பெயர்தான் கப்பலில் வந்தது என்று நான் விளக்கியது அவரிடம் எடுபடவில்லை.

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களைவிட அந்தத் தாளே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கோட்டை எவ்வளவோ பேரின் கைமாறியும், அவர்களது சொற்களுக்கு ‘ஐ’ உருபு சேர்த்து நாம் தினமும் புழங்கிக்கொண்டிருக்கிறோம்.

பேச்சு முடிவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழுவதைத்தான் எவரும் எதிர்பார்ப்பார்கள். உட்துறைமுகம் நகருக்கு மேற்கே வளைந்து கிடப்பதால் உவர்மலையிலிருந்து பார்ப்பவருக்குச் சூரியன் தண்ணீருக்கு அப்பால் இறங்குகிறது. எதிர்க்கரையில் சீனன்குடா மா ஆலையின் விளக்குகள் எரியத் தொடங்கின. அதன் பின்னுள்ள காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்) இன்னும் நிற்கின்றன. 1942 சித்திரை (ஏப்ரல்) 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, வருடப்பிறப்புப் பலகாரத்துக்காக இடித்துக்கொண்டிருந்த மாவை உரலோடு விட்டுவிட்டு ஓடியதாக அப்பம்மா சொல்வார். குண்டைவிட அந்த மா வீணானதைத்தான் அவர் அதிகம் பேசியிருக்கிறார்.

மறுநாள் விடியலில் கோட்டைக்குள் மான்களுக்கு வழிவிட்டு நடந்து, சுவாமி மலையில் கோணேசரைக் கும்பிட்டுத் திரும்பினேன். அறை அன்றும் மாறவில்லை.

தங்க எண்ணுபவர்களுக்கு: அறை மேற்குப் பக்கம் பார்த்ததா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டோ கீழ்ச் சந்தியோடு நின்றுவிடும்; மிச்சத் தூரம் படி ஏற வேண்டும், முழங்கால் வலியுள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. எனக்குக் கொடுத்த அறைக்கு வாடகை அதிகம். காலைப் பிட்டுக்கும் மீன் சொதிக்கும் குறை சொல்ல மாட்டேன். சித்தியிடம் மட்டும், விடுதியில் சாப்பிட்டதை இன்னும் சொல்லவில்லை.