944 டர்போவை விற்று 911 வாங்கியபின் வலது காலுக்கு நேர்ந்தவை

பதினொரு ஆண்டுகள் என்னிடம் இருந்த 1986-ஆம் ஆண்டு போர்ஷே 944 டர்போவை விற்றுவிட்டு, 2007-இல் முதல் பதிவு பெற்ற 911 கரேரா ஒன்றைச் சென்ற ஆண்டு மார்ச்சில் வாங்கினேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கியவை. 944 ஜெர்மனியில் நான் குடியிருக்கும் ஊருக்கு வடக்கே நெக்கார்ஸுல்மில் உள்ள ஆடி கார் ஆலையில் உருவானது, 911 தெற்கே ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசனில் உருவானது. இவ்வளவு நெருங்கிய உறவு இருப்பதால் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும் என்றுதான் நினைத்தேன். உண்மையில் ஏழு மாதம் ஆயிற்று.

முதலில் பழைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 944 டர்போவின் என்ஜின் நான்கு சிலிண்டர்களில் இரண்டரை லிட்டர் கொள்ளளவு கொண்டது, 220 குதிரைத்திறன் தருவது. டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும்போது உள்ளே எரிபொருள் கலவை தானாக வெடிக்கும் வெடிமோதல் ஏற்படாதிருக்க, அந்தக் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அமுக்க விகிதத்தை 8-க்கு 1 என்று தாழ்வாகவே வைத்திருந்தார்கள். அதன் விளைவு, நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கீழே அது சாதாரணக் குடும்ப வண்டியைப்போல் சோம்பலாகவே நகரும். முடுக்கி மிதியை அழுத்திவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு சுற்றுமானிக்குள் இருக்கும், டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டும் சிறிய பூஸ்ட் முள் எழும், முன்பக்கத்திலிருந்து மெல்லிய விசில் கேட்கும், அதன்பின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, வளைவின் நடுவிலேயே, வெளியேறும் வழி கண்ணில் படுவதற்கு முன்பே, வலது கால் மிதியை அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். வண்டி நிமிரும் நேரத்துக்குச் சரியாக பூஸ்ட் வந்து சேரும். இதைக் கணக்கிட்டு ஓட்டுவதுதான் அந்த வண்டியின் இன்பம், பதினொரு ஆண்டுகளில் அது என் காலுக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாகிவிட்டது.

இவ்வளவு முன்கூட்டி அழுத்துவதை அந்த வண்டி பொறுத்துக்கொண்டதற்கு அதன் கட்டமைப்பே காரணம். என்ஜின் முன்னே, கியர் பெட்டி பின் அச்சோடு சேர்ந்து பின்னே, இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய் நடுவே. எடை இரு முனைகளிலும் ஏறக்குறையப் பாதிப்பாதி. தோளில் காவடித் தண்டு வைத்து இருபுறமும் தண்ணீர்க் குடம் சுமப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவரால் சட்டென்று திரும்ப முடியாது, ஆனால் தள்ளாடவும் மாட்டார். 944-உம் அப்படித்தான், நழுவுவதற்கு முன் நன்றாக அறிவித்துவிட்டே நழுவும். பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்கூட இல்லாத வண்டி அது, ஆனாலும் ஒருமுறைகூட என்னைத் திடுக்கிட வைத்ததில்லை.

பிறகு ஏன் விற்றாய் என்று கேட்காதவர் இல்லை. காரணம் சலிப்பல்ல, பராமரிப்பு. அந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும் என்பதால், பெல்ட்டுகளைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். கிளட்ச் மாற்றுவதென்றால் கியர் பெட்டியையும் நடுக்குழாயையும் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆண்டில் வந்து நின்றன. அந்தச் செலவைக் கேட்ட நண்பர் ஒருவர், பெல்ட்டு இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்கு என்றார். நான் 911 வாங்கியதைச் சொன்னபோது, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாய் என்றவரும் அவரேதான்.

சூனியம் என்று அவர் சொன்னதில் பொருள் இருந்தது. 997 என்ற குறியீட்டில் வந்த, நான் வாங்கிய 911-இன் தலைமுறையில், 2008 வரையிலான என்ஜின்களில், குறிப்பாக 3.8 லிட்டர் வகையில், சிலிண்டர் சுவரில் கீறல் விழும் குறை பரவலாகப் பேசப்படுவது. அதனால் 355 குதிரைத்திறன் கொண்ட கரேரா எஸ் வகையை விட்டு, 325 குதிரைத்திறன் கொண்ட 3.6 லிட்டர் வகையையே தேடினேன். வாங்குமுன் மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, ஸ்பார்க் பிளக் துளை வழியே நுண்கேமராவை விட்டு ஆறு சிலிண்டர்களின் சுவரையும் பார்க்கச் செய்தேன். விற்பவர் முகம் கோணினார். ஆனால் இந்த வண்டியை வாங்க நினைப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்த முகக்கோணலைப் பொருட்படுத்தாதீர்கள்.

முதல் நாள் நடந்தவை சிரிப்புக்குரியவை. சாவித் துளை ஸ்டியரிங்கின் இடப்பக்கம் இருக்க, என் வலது கை வெறும் பிளாஸ்டிக்கைத் தடவிக்கொண்டிருந்தது. எண்ணெய் பார்க்க டிப்ஸ்டிக்கைத் தேடினேன், இந்த வண்டியில் அது கிடையாது. திரையில் கோடு கோடாக அளவு தோன்றும், அதற்கும் வண்டி காத்திருக்கச் சொல்லும். எண்ணெயை விரலில் தொட்டு நிறமும் வாசனையும் பார்த்துப் பழகியவனுக்கு அந்தக் கோடுகளின்மேல் இன்றுவரை முழு நம்பிக்கை வரவில்லை.

ஓட்டத் தொடங்கியதும் வேகம் என்னை வியக்க வைக்கவில்லை. உடனடித்தன்மைதான் வியக்க வைத்தது. அமுக்க விகிதம் 11-க்கு மேல், டர்போ இல்லை. மிதியில் பெருவிரல் அசைந்தாலும் முதுகுக்குப் பின்னால் பதில் வந்துவிடுகிறது. எடையில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் பின்சக்கரங்களின்மேல் இருப்பதால் அழுத்தினால் அப்படியே தரையைப் பற்றிக்கொண்டு கிளம்புகிறது. சிறுவயதில் கேரியரில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இந்த வண்டியின் முன்சக்கரம் புரியும். ஹேண்டில்பார் கையில் கனமின்றி மிதக்கும், மேட்டில் ஏறும்போது தூக்கிவிடுமோ என்று தோன்றும். அதே சைக்கிளை இறக்கத்தில், வளைவில், திடீரென்று பிரேக் பிடித்தால் மூட்டை எந்தப் பக்கம் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அக்டோபர் மாதத்தில், பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டாட் செல்லும் கருங்காட்டு மலைச்சாலையில் மனைவியோடு போய்க்கொண்டிருந்தேன். மும்மெல் ஏரியைத் தாண்டி ஓர் இறக்கம், ஈரச் சாலை, விளிம்பில் இலைச்சருகு. வலப்புற வளைவு ஒன்றில், பழைய வழக்கப்படி நடுவிலேயே மிதியை அழுத்தினேன். 944 என்றால் பூஸ்ட் வந்து சேர நேரம் எடுத்திருக்கும், அதற்குள் வளைவு முடிந்திருக்கும். இதிலோ அழுத்திய கணமே விசை வந்தது, பின்பக்கம் அமர்ந்து முன்பக்கம் இலேசாயிற்று, திரும்ப வேண்டிய வண்டி நேரே போய் நடுக்கோட்டை நோக்கி அகன்றது. எதிரே மரம் ஏற்றிய லாரி. மனிதன் என்ன செய்வான்? காலை முழுவதுமாக எடுத்துவிட்டேன். எடை முன்னே பாய்ந்து, பின்சக்கரங்களின் பிடி தளர்ந்து, அச்சுக்கும் பின்னால் தொங்கும் அந்த என்ஜின் தன் போக்கிலேயே போக முற்பட, வால் வெளியே வீசியது. மீட்டர்களுக்கிடையே, வண்டியை நிலைப்படுத்தும் மின்னணு வசதியின் மஞ்சள் முக்கோணம் படபடவென்று மின்னியது, எந்தச் சக்கரத்திலோ பிரேக் தானாக விழுந்த உறுமல் கேட்டது, வண்டி நேரானது. எல்லாம் இரண்டு நொடிதான். “என்னங்க, வண்டி நழுவுதா?” என்றாள். “இல்லம்மா, சருகு” என்றேன். சருகின்மேல் பழி போட்டது எவ்வளவு கோழைத்தனம் என்று வீடு வந்து சேரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்றிரவு யோசித்தபோது புரிந்தது, நான் செய்தவை இரண்டு தவறுகளல்ல, ஒரே பழக்கத்தின் இரண்டு பாதிகள். முன்கூட்டி அழுத்தியது டர்போ கற்றுக்கொடுத்த பழக்கம், அந்த அழுத்தம்தான் காலை எடுக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது. பின்புற என்ஜின் வண்டி காலை எடுத்தவுடன் வாலைவீசும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் பழைய டர்போவிலிருந்து வருபவர் ஏன் காலை எடுக்க நேர்கிறது என்று எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதே மாத இறுதியில் ஹாக்கன்ஹைம் பந்தயப்பாதையை ஒட்டிய பயிற்சி மைதானத்தில் ஒரு நாள் முழுவதும், தண்ணீர் ஊற்றிய வழுக்குத் தளத்தில் சுற்றினேன். பயிற்றுநர் என் வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீங்கள் எதற்கோ காத்திருந்து பழகியவர் என்றார். பிறகு அவர் சொன்னபடி, நேர்ச்சாலையில் பிரேக் பிடித்து, திரும்பத் தொடங்கும்போதும் பிரேக்கில் ஒரு சிட்டிகை அழுத்தத்தை மிச்சம் வைத்து முன்சக்கரத்துக்குக் கனம் கொடுத்தேன். மூக்கு உள்ளே திரும்பிய பின் எதுவும் செய்யாமல் இருந்தேன். வெளியேறும் வழி முழுவதும் தெரிந்த பிறகே மிதியை அழுத்தினேன், அழுத்தியபின் எடுக்கவில்லை. 944-இல் அழுத்திவிட்டுக் காத்திருந்தேன், 911-இல் காத்திருந்துவிட்டு அழுத்துகிறேன். நாற்பதாவது சுற்றிலோ என்னவோ, பின்பக்கம் தரையில் உட்கார்ந்து வண்டி கவண்கல்போல் வெளியேறியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு நண்பர், இங்கிலாந்திலிருந்து எழுதிய மறுமொழி:

உங்கள் கருங்காட்டு வளைவைப் படித்தபோது என் உள்ளங்கை வியர்த்தது. நான் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, மூன்றாம் தலைமுறை வண்டியிலிருந்து 996 குறியீட்டு 911-க்கு வந்தவன். அந்த மாஸ்டாவில் 1.3 லிட்டர் ரோட்டரி என்ஜினுக்கு இரண்டு டர்போக்கள், முதலாவது தாழ்ந்த சுற்றிலும் இரண்டாவது ஏறக்குறைய 4500 சுற்றிலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே எனக்குக் காத்திருக்கும் பழக்கத்தோடு, நடுவில் ஒரு துள்ளல் வரும் என்று எதிர்பார்க்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. 911-இல் அந்தத் துள்ளல் வராமல், சுற்று ஏற ஏற விசை சீராக ஏறியதால், இது மெதுவான வண்டி என்றே முதல் மாதம் முடிவு கட்டியிருந்தேன். வேகமானியைப் பார்த்தபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வால் வீசியது எனக்கும் நேர்ந்தது, ஆனால் சாலையில் அல்ல, வெறிச்சோடிய ஒரு வட்டச் சந்திப்பில், விடியற்காலை மழையில். என் வண்டியில் நிலைப்படுத்தும் மின்னணு வசதி இல்லை, 996-இன் தொடக்க ஆண்டுகளில் அது எல்லா வண்டிகளிலும் வந்ததில்லை. முழுச்சுற்று சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றேன். யாரும் பார்க்கவில்லை, ஒரு பால் வண்டிக்காரரைத் தவிர. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். 996 வாங்குபவர்கள், உடைந்தால் என்ஜினையே கெடுத்துவிடும் இடைத்தண்டின் பேரிங் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுவது வழக்கம். கிளட்ச் மாற்றக் கியர் பெட்டியை இறக்கும்போது அந்த பேரிங்கும் கைக்கு எட்டும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னேன். வேலைக்கூலி ஒருமுறையோடு போயிற்று, தூக்கமும் திரும்பி வந்தது.

மற்றொருவர், ஸ்விட்சர்லாந்திலிருந்து:

மன்னிக்கவும், நான் மாறிப்போய் மீண்டும் திரும்பியவன். 944 டர்போவை விற்று 911 வாங்கினேன், பதினான்கு மாதம் வைத்திருந்தேன், அதை விற்று மறுபடியும் ஒரு 944 டர்போ வாங்கிவிட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் 911 மேலான வண்டி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்குள்ள சாலை வேக வரம்புகளுக்குள் அது எப்போதும் பாதி உறக்கத்திலேயே இருந்தது. பழைய டர்போவோ எழுபது கிலோமீட்டர் வேகத்திலும் எனக்கு வேலை வைக்கிறது. ஒன்று கேட்க வேண்டும்: வண்டியை அணைத்தபின் உங்களுக்கு எதுவும் குறைவதாகத் தோன்றவில்லையா?

முதலில் எழுதியவர்:

தோன்றுகிறது. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்றும் தெரிகிறது. 944 டர்போவில் சாவியைத் திருப்பி அணைத்தபிறகும், டர்போவைக் குளிர்விக்க ஒரு சிறிய மின் பம்ப் தண்ணீரைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும். கராஜின் கதவைச் சாத்தும்வரை அந்த ரீங்காரம் கேட்கும். வேகமாக ஓட்டிவந்த நாட்களில், அணைக்குமுன் டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் என்ஜினை வெறுமனே ஓடவிடுவதும் வழக்கம். இப்போது அதற்குத் தேவையே இல்லை. இருந்தும் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியில் இடது கையை வைத்தபடி அந்த ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் இறங்கவில்லை என்று மனைவி கேட்பதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகின்றன.

வாகன வரி பற்றித் தனியே கேட்டவருக்கு: 944-க்குப் பழம்பெரும் வண்டிகளுக்கான எச் எழுத்துப் பதிவெண் இருந்ததால் ஆண்டுக்கு 191.73 யூரோ கட்டினேன். 3.6 லிட்டர் 911-க்கு என்ஜின் கொள்ளளவைக் கணக்கிட்டு 243 யூரோ வருகிறது. மார்ச் முதல் அக்டோபர்வரை மட்டும் ஓட்டும் பருவப் பதிவெண் எடுத்திருப்பதால் அதிலும் மூன்றில் இரண்டு பங்குதான். இந்த ஆண்டு மும்மெல் ஏரிப் பக்கம் இன்னும் போகவில்லை. மே மாதத்தில், உலர்ந்த சாலையில், அதே வளைவுக்கு முதலில் தனியாகப் போய்வர எண்ணியிருக்கிறேன்.