பழைய மோட்டச்சைக்கிளுக்கு எல்இடி: கண்ட கூத்துகளை இதில எழுதுங்கோ

பரந்தன்:
இடப்பக்கச் சிக்னலைப் போட்டா நாலும் மினுங்குது. ஹீரோ ஹொண்டா சிடி 100. நாலு 10 வாற் பல்ப்பையும் கழட்டிப்போட்டு எல்இடி போட்டிருக்கு. முதல் நாலும் மினுங்காமல் அப்பிடியே எரிஞ்சு நிண்டதாம். சிக்னலை மினுங்க வைக்கிற றிலேயை எலக்ட்ரோனிக்குக்கு மாத்தினாப் பிறகு இந்தக் கூத்து. ஆக்கள் றிலேயில பிழை எண்டு இன்னொரு றிலே வாங்குவினம். பிழை ஸ்பீட் மீற்றருக்குள்ள இருக்கிற ஒற்றைச் சிக்னல் பல்ப்பில. அதின்ர ஒரு கால் செம்மஞ்சள் வயரில, மற்றக் கால் வெளிர்நீல வயரில. முந்தி இடப்பக்கத்தால வாற கரண்ட் அந்தச் சின்னப் பல்ப்பைக் கடந்து வலப்பக்க இழைகளால எர்த்துக்குப் போகும். இழை எரிய அந்தக் கரண்ட் காணாது. எல்இடிக்குத் தாராளமாக் காணும். 1N4007 டயோட் (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுறது) ரெண்டு எடுங்கோ. செம்மஞ்சளுக்கு ஒண்டு, வெளிர்நீலத்துக்கு ஒண்டு. வெள்ளிக் கோடு இருக்கிற ரெண்டு முனையையும் சேர்த்துப் பல்ப்பின்ர ஒரு காலுக்கு, மற்றக் காலைப் பச்சை எர்த்துக்கு. விசயம் முடிஞ்சுது.

மாங்குளம்:
டயோட்டும் வேண்டாம், றிலேயும் வேண்டாம். பக்கத்துக்கு ரெண்டு 15 ஓம் ரெசிஸ்டர் எல்இடிக்குச் சமாந்தரமாப் போட்டா பழைய றிலேயே மினுங்கும், நாலும் எரியிற பிரச்சினையும் போகும்.

பரந்தன்:
போகும். 13.5 வோல்ற்றில ஒவ்வொரு 15 ஓமும் 12 வாற் சூடாக்கும். பழைய பல்ப் இழுத்ததை விட இது கூட. பிறகு எல்இடி என்னத்துக்கு? 10 வாற் ரெசிஸ்டரை பிளாஸ்ரிக் கவருக்குள்ள ரேப் சுத்தி வைச்ச வண்டியில கவர் உருகி ஓட்டை. போடத்தான் வேணுமெண்டா 25 வாற் அலுமினியம் கூட்டோட வாறதை சேசில ஸ்குறூவில இறுக்குங்கோ.

புதுக்குடியிருப்பு:
சிக்னலை விடுங்கோ, ஹெட்லைற்றுக்கு வாங்கோ. ஏ35 றோட்டில இரவில மாடுகள் தாரில படுத்திருக்கும். ஸ்லோவில வரேக்க எல்இடி துடிக்குது, மாடு நிக்குதோ நடக்குதோ தெரியாது. காரணம் எல்லாருக்கும் தெரியும்: இந்த வண்டிகளில ஹெட்லைற் பற்றரியில ஓடாது, எஞ்சின் கொயிலால மஞ்சள் வயரில வாற ஏசியில (திசை மாறி மாறி வாற கரண்ட்) நேர ஓடும். பரவாயில்லை, பிரிட்ஜ் (ஏசியை ஒரே திசையில போற டிசியாக்கிற நாலு டயோட்) போடலாம் எண்டு போட்ட ஒரு வண்டி வந்தது. டிம் சுவிச்சுக்குப் போற வயரில KBPC2510, பிறகு 4700 மைக்ரோபரட் 35 வோல்ற் கப்பாசிற்றர். எல்லாம் சரி. ஆனா எல்இடியின்ர பச்சை வயரைப் பழையபடி வண்டிப் பொடியிலயே (இரும்புச் சட்டத்தில) விட்டிருக்கினம். கொயிலின்ர ஒரு முனை ஏற்கனவே பொடியில. பிரிட்ஜின்ர நெகற்றிவும் பொடியில பட்டா ஒரு பாதி அலை ஒரு டயோட்டால நேர ஷோர்ட். லைற் மங்கல், பிரிட்ஜில கை வைக்க ஏலாத சூடு. பச்சையை வெட்டி, நெகற்றிவைத் தனி வயரா பிரிட்ஜுக்குக் கொண்டுவர வேணும். எல்இடியின்ர உலோக உடம்பு நெகற்றிவோட தொடுப்போ எண்டு முதல் மீற்றரால பாருங்கோ. தொடுப்பெண்டா ஹெட்லைற் கூட்டில படவே கூடாது. ரெயில் லைற் வயரை பிரிட்ஜுக்கு முன்னமே பிரிச்சு எடுங்கோ, இல்லாட்டி அதுவும் இதே வேலை காட்டும்.

கிளிநொச்சி:
பிரிட்ஜ் எல்லாம் ஒட்டு வேலை, புதுக்குடியிருப்பு அண்ணை. செய்தா முழு டிசியாச் செய்யவேணும். ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் எழுதுறன். எஞ்சினில சுத்திற மக்னற்றைப் புள்ளர் (இழுத்துக் கழட்டிற சாமான்) போட்டுக் கழட்டுங்கோ, சுத்தியலால தட்ட வேண்டாம், காந்தம் வெடிக்கும். லைற் கொயில் சுத்தின கம்பியின்ர ஒரு முனை இரும்புக் கட்டையில ஈயம் வைச்சிருக்கும். அதைக் கழட்டிச் சூடு தாங்கிற வயரோட சேர்த்து வெளிய எடுங்கோ. வெள்ளை வயர் மற்ற முனை. நடுவில வாற மஞ்சளை மூடி விடுங்கோ. கறுப்புச் சிவப்பு வயர் பிளக்குக்குப் பொறி குடுக்கிற சிடிஐக்குப் போற தனிக் கொயில், அதைத் தொட வேண்டாம், அதின்ர எர்த் அப்பிடியே இருக்கவேணும். ஈயம் வைச்ச பிறகு முனை ரெண்டுக்கும் பொடிக்கும் நடுவில மீற்றர் கூவக்கூடாது. கூவினா எங்கயோ இனாமல் உரிஞ்சிருக்கு. அந்த ரெண்டு முனையையும் புல் வேவ் ரெகுலேற்றரின்ர (முழு அலையையும் டிசியாக்கி வோல்ற்றைக் கட்டுப்படுத்திறது) ஏசி உள்ளீடு ரெண்டுக்கும் குடுங்கோ. பழைய நாலு கால் ரெகுலேற்றர் இதுக்குச் சரிவராது. ஹெட்லைற்றைச் சாவி போட்டா பற்றரிக் கரண்ட் வாற கறுப்பு வயரில குடுங்கோ, 5 அம்பியர் பியூஸோட. கடைசியா பற்றரிக் காலில மீற்றர் வைச்சு ஹெட்லைற்றையும் பிரேக் லைற்றையும் போட்டு றைஸ் பண்ணுங்கோ: 13.8க்கும் 14.5க்கும் நடுவில நிக்கவேணும். 15 தாண்டினா ரெகுலேற்றர் போச்சு. 13ஐத் தொடாட்டி எல்இடி கூட இழுக்குது. பெட்டியில 60 வாற் எண்டு போட்டிருக்கிறதை நம்பாமல் அம்பியர் அளந்து வாங்குங்கோ. இந்த வண்டிகளில இருக்கிறது 2.5 அம்பியர் மணிப் பற்றரி. 1.5 அம்பியருக்கு மேல இழுக்கிறது வேண்டாம்.

விசுவமடு:
6 வோல்ற் ஹொண்டா சி70க்கு 12 வோல்ற் எல்இடி வாங்கி, எரியேல்லை எண்டு கடையோட சண்டை. உள்ள மூண்டு சிப் வரிசையா இருக்கும், ஒண்டுக்கு 3 வோல்ற் கிட்ட வேணும். 6இல எப்பிடி எரியும்? 9 வோல்ற்றில இருந்து எண்டு அடிச்சிருக்கிறதும் எரியாது.

ஒட்டுசுட்டான்:
வயர் சரி, வெளிச்சம் எங்க விழுது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. ஹெட்லைற் எல்இடியின்ர சிப் ரெண்டும் இடம் வலம் பாக்க நிக்கவேணும். மேல கீழ நிண்டா எதிர வாறவன்ர கண்ணுக்குள்ளதான். சுவருக்கு 5 மீற்றர் தள்ளி, ஓட்டிற ஆள் ஏறி இருக்க, டிம்மின்ர மேல் விளிம்பு லைற் நடு உயரத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழ விழவேணும். பின்னுக்கு விசிறி வைச்ச எல்இடி கிரவல் றோட்டுக்கு உதவாது. செம்மண் தூசி பிடிச்சு விசிறி நிண்டா சிப் கருகும். விசிறி இல்லாமல் அலுமினியம் செதிலோட வாறதை எடுங்கோ, ஆனா கூட்டுக்குள்ள பின்னுக்கு இடம் இருக்கோ எண்டு அளந்திட்டு.

புதுக்குடியிருப்பு:
கிளிநொச்சித் தம்பி, மக்னற் புள்ளர் எல்லா வீட்டிலயும் இல்லை. நெகற்றிவைப் பொடியில படாமல் வைச்சா பிரிட்ஜ் ஒழுங்கா வேலை செய்யும். ரெயில் லைற்றுக்கு வெள்ளை எல்இடி போட்டுச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால றோஸ் நிறத்தில போறவைக்கும் ஒண்டு: சிவப்பு எல்இடி போடுங்கோ. நம்பர் பிளேற்றுக்கு கீழ்ப்பக்கம் வெள்ளைச் சிப் வைச்சதா தேடி எடுங்கோ, இல்லாட்டி பிளேற்றும் சிவக்கும்.