புதுப்பிப்பு: ‘நோ மேன்ஸ் ஸ்கை’ பற்றிய என் பழைய கருத்தில் ஒரு திருத்தம்

அரைகுறையாக வெளிவந்த விளையாட்டு பிறகு தேறாது என்றும், அதற்கு ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற விண்வெளிக் கணினி விளையாட்டே சான்று என்றும் முதல் பதிவில் எழுதியிருந்தேன். அதை மீண்டும் நிறுவி ஆடிய பின், அந்தக் கருத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

2016 ஆகஸ்டில் அது வெளியானபோது, ஒரே கோளின் ஒரே இடத்தில் நின்ற இருவரால் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் நிறுவனமோ பல வாரங்கள் வாய் திறக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கோள்களில் சொந்த இருப்பிடம் கட்டும் வசதியும், 2018 ஜூலையில் முழுமையான கூட்டு ஆட்டமும், 2019 ஆகஸ்டில் மெய்நிகர் (VR) தலைக்கருவிகளுக்கான ஆதரவும் வந்தன. இவற்றுக்கு ஏற்கெனவே வாங்கியவர்களிடம் கூடுதல் பணம் கேட்கப்படவில்லை என்பதை நான் எடைபோடத் தவறிவிட்டேன்.

மற்றப் பாதியை விட்டுக்கொடுக்க மனமில்லை. முதல் நாளே முழு விலை கொடுத்தவர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்றது பரிசு அன்று, நிலுவை. (கனிமம் தோண்டும் வேலை இன்றும் அலுப்பூட்டுகிறது, அது என் ரசனைக் கோளாறாகவும் இருக்கலாம்.)

பராமரிப்பு என்றால் புதிய உள்ளடக்கம் மட்டும்தானா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, வாங்கியது தொடர்ந்து இயங்குவதும் பராமரிப்புதான். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் விளையாட்டு எப்போதும் இணையத் தொடர்பைக் கோரியதால், 2024 மார்ச் 31இல் அதை இயக்கிய சேவையகங்கள் (சர்வர்கள்) நிறுத்தப்பட்டதும், தனியாகக் கார் ஓட்டி மகிழ்ந்தவர்களுக்கும் அது பயனற்றுப்போனது. ஆகவே இம்முறை ரவுட்டரை அணைத்துவிட்டு ‘நோ மேன்ஸ் ஸ்கை’யைத் திறந்து பார்த்தேன், என் பழைய கோள் அப்படியே வந்து நின்றது.