லைட் ப்ளூ: புதுப்பிப்பு

டோல்சே அண்ட் கபானாவின் லைட் ப்ளூ சென்ட்டைக் காலை அலுவலகம் போகும்போது போட்டால் மாலை வரை நிற்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கோடையும் பாதி ஓடிவிட்டது, தொடர்ந்து போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

சுருக்கமாக, மாலை வரை நிற்காது. அடித்தவுடன் வரும் சிசிலி எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் அபாரம், ஆனால் எலுமிச்சை எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற வேதிப்பொருள், அது சீக்கிரம் ஆவியாகிப் பறந்துவிடும் என்பதால் எந்தக் கம்பெனி செய்தாலும் அந்தப் புளிப்பு முதலில் போய்விடத்தான் செய்யும். அதன் பிறகு மல்லிகையும் மூங்கிலும் லேசாக எட்டிப் பார்க்கும், கடைசியில் தோலோடு ஒட்டிக் கிடப்பது தேவதாருவும் கஸ்தூரியும்தான். எனக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் அதிகம் பிடிக்கிறது (பக்கத்து சீட்காரருக்கு வாசமே தெரியாது, அதுவும் நல்லதுதான்).

சிலர் சொன்னபடி துப்பட்டாவில் அடித்தேன், தோலைவிட நன்றாகவே நிற்கிறது. பட்டில் மட்டும் வேண்டாம், கறை படியலாம். அப்புறம் பாட்டிலைக் குளியலறையில் வைக்காதீர்கள், சூடும் வெளிச்சமும் பட்டால் எலுமிச்சை வாசம் கெட்டுவிடும்.

2001இல் சென்ட் தயாரிப்பு வல்லுநர் ஒலிவியே க்ரெஸ்ப் செய்த இந்த முதல் லைட் ப்ளூவே எனக்குப் போதும். 2017இல் வந்த இதன் இன்னொரு வகையான ஓ இன்டென்ஸ் யாராவது போட்டிருந்தால், வெயிலில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.