பர்சனல் டிரெய்னர் ஆக எந்தச் சான்றிதழ் எடுக்கலாம்?

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு ஜிம்மில் ஃப்ளோர் டிரெய்னராக இருக்கிறேன். அடுத்து பர்சனல் டிரெய்னிங்கில் இறங்கலாம் என்று ஆசை. சான்றிதழில்தான் குழப்பம்.

ஏசிஇ (அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் என்ற அமெரிக்க அமைப்பு தரும் டிரெய்னர் சான்றிதழ்) பற்றி விசாரித்தேன். 18 வயது நிரம்பி, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி), ஏஇடி (இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி) பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். (தசைகளின் பெயரைப் படிப்பதற்குள் நாக்கு சுளுக்கிவிடும் போல!) சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகம், நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி என்று போகலாம் என்றால் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வசதியில்லை. வேலை பார்த்துக்கொண்டே ஏசிஇ எழுதியவர்கள் எப்படிப் படித்தீர்கள்?

என்னிடம் வருவோரில் ஐம்பதைத் தாண்டிய அம்மாக்கள்தான் அதிகம். முட்டிவலி, சர்க்கரை இல்லாதவர் குறைவு. ஸ்குவாட் என்றாலே பயப்படுகிறார்கள். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பிக்கிறேன்: முதலில் தொடையில் கையை ஊன்றி, பழகியதும் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு. இதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கு உடற்பயிற்சியில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதால் கொஞ்சம் பயம்தான். டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்கிறீர்களா?

அப்புறம் கட்டணம். ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்றா, மாதத்துக்கா? ஜிம்முக்கு எத்தனை பங்கு கொடுப்பது நியாயம்? புரோட்டீன் டப்பா விற்றால் கமிஷன் என்கிறார்கள், அதில் எனக்கு மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இருந்தால், முதல் கிளையன்ட் எப்படிக் கிடைத்தார் என்றும் சொல்லுங்களேன்.