‘பெரிய வீடு’ குழு: விண்மீன்கள் நூல் பிடித்தாற்போல் பிறப்பது ஏன்?

கவின் (7:42)
📷 படம்
யாழினி அக்கா, அறிவியல் மன்றத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ரிஷப மேகம், அதாவது ரிஷப விண்மீன் குழுவின் திசையில் விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகம். மேகம் என்றால் பொதிபொதியாகத்தானே இருக்க வேண்டும்? இது ஏன் நூல் நூலாக ஓடுகிறது?

மாலதி சித்தி (7:43)
தேர்வு என்றைக்கு கவின்?

கவின் (7:43)
வியாழக்கிழமைதான் அம்மா. படித்துவிட்டேன்.

சுந்தரம் பெரியப்பா (7:46)
இந்த ஆரஞ்சு, நீலமெல்லாம் உண்மையா, கணினியில் பூசியதா?

யாழினி (7:51)
நிறம் நாம் கொடுத்தது பெரியப்பா. வடிவம் உண்மை.
அந்த வாயு மைனஸ் 263 டிகிரியில் கிடக்கிறது. அவ்வளவு குளிரில் ஹைட்ரஜன் எதையும் காட்டிக்கொடுக்காது. கூடவே கலந்திருக்கும் தூசுதான் கண்ணுக்குத் தெரியாத தொலை அகச்சிவப்பு ஒளியில் மங்கலாக ஒளிரும். அதைப் பிடிக்கத்தான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009 மே மாதம் ஹெர்ஷலை அனுப்பியது. 3.5 மீட்டர் கண்ணாடி. கருவிகளைக் குளிர வைத்த திரவ ஹீலியம் 2013 ஏப்ரலில் தீர்ந்தது, அதோடு அதன் கண் மூடிவிட்டது.

யாழினி (7:53)
கவின், இது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. தை மாதத்தில் இந்த நேரத்துக்கு ரோகிணியும் கார்த்திகையும் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ரோகிணிக்கு வடக்கே, கார்த்திகைக்குக் கிழக்கே பார். அந்தப் பக்கம் சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இந்த மேகம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பர்னார்ட் என்ற அமெரிக்க வானியலாளர் புகைப்படத் தகட்டிலேயே இந்தக் கருங்கோடுகளைப் பிடித்துவிட்டார். உன் படத்தில் உள்ள பி211, பி213 எல்லாம் 1927-ல் வந்த அவருடைய அட்லஸின் எண்கள்.

ராணி அத்தை (7:55)
தண்ணீர் மோட்டாரை யாராவது நிறுத்தினீர்களா?

சுந்தரம் பெரியப்பா (7:55)
நிறுத்திவிட்டேன்.
நூல் ஏன் என்று அவன் கேட்டதற்குப் பதில் வரவில்லையே அம்மா.

யாழினி (8:04)
வருகிறேன் பெரியப்பா.
விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு அமைதியாக இருப்பதில்லை. எங்கோ ஒரு பெரிய விண்மீன் வெடித்தால் அந்த அதிர்ச்சி அலை பல ஒளியாண்டுகள் வரை வாயுவைத் தள்ளிக்கொண்டு போகும். இப்படி ஒலியை விட வேகமான ஓட்டங்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் வாயு தகடாக நசுங்குகிறது. தகடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இழை, நீ சொல்லும் நூல். காந்தப்புலமும் வழிகாட்டுகிறது: புலக்கோட்டின் வழியே நகர்வது வாயுவுக்கு எளிது, குறுக்கே நகர்வது கடினம்.
கவின், படத்தைப் பெரிதாக்கிப் பார். முக்கிய இழைக்குச் செங்குத்தாக மெல்லிய கீற்றுகள் தெரிகின்றனவா?

கவின் (8:06)
ஆமாம் அக்கா, இரண்டு பக்கமும்!

யாழினி (8:09)
அவை காந்தப்புலத்தின் திசையிலேயே ஓடுகின்றன. அந்த வழியாக வாயு இழைக்குள் வந்து சேர்கிறது என்றுதான் கணிக்கிறார்கள். வாயுவில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடை வைத்து வேகத்தை அளந்தபோது ஒரு பக்க வாயுவுக்கு ஒரு வேகமும் மறுபக்கத்துக்கு வேறொரு வேகமும் இருந்தது. இரு பக்கமிருந்தும் உள்ளே கொட்டினால் அப்படித்தான் தெரியும்.

ராணி அத்தை (8:12)
யாழினி, எனக்கு ஒன்று. ஈர்ப்பு எல்லாவற்றையும் இழுக்கும் என்றால் இந்த வாயு முழுவதும் எப்போதோ விண்மீனாகி முடிந்திருக்க வேண்டாமா?

யாழினி (8:20)
அத்தை, இந்தத் துறையின் மையக் கேள்வியே இதுதான். நம் பால்வீதியில் இப்படிக் குளிர்ந்த மூலக்கூறு வாயு சுமார் 100 கோடி சூரியன் எடைக்கு இருக்கிறது. தடையில்லாமல் சுருங்கினால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன் எடைக்கு விண்மீன்கள் பிறக்க வேண்டும். உண்மையில் பிறப்பது ஒன்றிரண்டு சூரியன் அளவுக்குத்தான்.
இதற்கு இழைகள் பெரிய விடை தருகின்றன. ஓர் ஒளியாண்டு நீளத்துக்குக் கிட்டத்தட்ட 5 சூரியன் எடை சேர்ந்தால்தான் இழை தன் எடையைத் தானே தாங்க முடியாமல் சுருங்கத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் வாயுவின் அழுத்தமே அதைத் தாங்கிக்கொள்ளும்.

யாழினி (8:22)
துருவ நட்சத்திரம் இருக்கும் திசையில் ஒரு மேகம் உண்டு. அதிலும் அழகான இழைகள்! ஆனால் எல்லாம் மெலிந்தவை, விண்மீன் பிறப்பதாகவே தெரியவில்லை. ரிஷபத்தின் பி211–213 இழையோ அந்த வரம்பைப் போல் 3 மடங்கு கனம். அதன் மேல் கருக்கள், அதாவது வாயு செறிந்த சிறு கட்டிகள், வரிசையாக இருக்கின்றன. கழுகு விண்மீன் குழுவில் உள்ள மேகத்தை ஹெர்ஷலில் எண்ணிப் பார்த்தபோது, விண்மீனாகக் காத்திருக்கும் கருக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று இழைகளின் மேலேயே இருந்தன.

கவின் (8:24)
இழை முழுதாக ஒரே விண்மீனாக ஆகாமல் ஏன் துண்டு துண்டாகிறது?

யாழினி (8:29)
குழாயை லேசாகத் திறந்தால் தாரை கீழே போகப் போகச் சொட்டுகளாக உடையும் இல்லையா, அது மாதிரி. அங்கே பரப்பு இழுவிசை செய்யும் வேலையை இங்கே ஈர்ப்பு செய்கிறது. எங்காவது கொஞ்சம் தடித்தால் அந்த இடம் பக்கத்து வாயுவையும் இழுத்துக்கொள்ளும்.
முடிவில்லாத வாயு உருளை ஒன்று ஈர்ப்பால் எப்படி நிலைகுலையும், காந்தப்புலம் அதை எவ்வளவு தடுக்கும் என்று 1953-லேயே கணக்குப் போட்டவர்களில் ஒருவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். கூட இருந்தவர் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி.

சுந்தரம் பெரியப்பா (8:31)
மாநிலக் கல்லூரியில் படித்தவராயிற்றே! வெண்குறுமீன் கணக்கு மட்டும்தான் அவருடையது என்று நினைத்திருந்தேன். கவின், இதை உன் பேச்சில் கட்டாயம் சேர்.

யாழினி (8:35)
இன்னொன்றும் உண்டு பெரியப்பா. தூசின் வழியாக வரும் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை வைத்துக் காந்தப்புலத்தின் வலிமையைக் கணக்கிடும் முறை. அதே 1953-ல் இருவரும் எழுதினார்கள். இன்றும் இழைகளின் புலத்தை அந்த வழியில்தான் பலர் அளக்கிறார்கள். 😊

மாலதி சித்தி (8:37)
இந்த இழை எவ்வளவு அகலம் இருக்கும்?

யாழினி (8:44)
சுமார் 3 லட்சம் கோடி கிலோமீட்டர் சித்தி. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல் 20,000 மடங்கு. அகலத்தில்தான் சண்டையே! 2011-ல் ஹெர்ஷல் குழுவினர் மூன்று மேகங்களில் பார்த்து, மெலிந்த இழைக்கும் கனத்த இழைக்கும் ஏறத்தாழ இதே அகலம்தான் என்றார்கள். எல்லாருக்கும் வியப்பு. பிறகு வேறு சிலர், மேகம் தொலைவில் இருந்தால் அளந்த அகலமும் கூடுகிறதே என்று மறுத்தார்கள். எனக்கு அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரே அளவு என்று கவின் அடித்துச் சொல்ல வேண்டாம், ரிஷப மேகத்தில் அளந்த அகலம் இது என்று சொன்னால் போதும்.

கவின் (8:46)
சரி அக்கா. பெரிய விண்மீன்களும் இப்படி ஒற்றை இழையில்தான் பிறக்குமா?

யாழினி (8:50)
அவை பெரும்பாலும் பல இழைகள் வந்து கூடும் முடிச்சுகளில். நாலாபக்கமிருந்தும் வாயு அங்கே வந்து குவியும். மோனோசெரோஸ் ஆர்2 என்ற மேகத்தைத் தேடிப் பார், படம் கிடைக்கும். அதையும் இதோடு பக்கத்தில் போட்டுக் காட்டு.

கவின் (8:51)
கிடைத்துவிட்டது. இதை இரண்டாவது படமாக வைக்கிறேன். 👍